கவிழாத தீர்ப்பு

தோசை விஷயத்தில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பகுதியை அடித்துக்கொள்ள இடமில்லை. கீழே கடையிலிருந்து உங்களுக்கும் சேர்த்துத்தான் வாங்கிவரச் சொன்னேன். விசாரணை அதிகாரி என்பதற்காகப் பசியோடு உட்கார வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டே குறித்துக்கொள்ளுங்கள். நான் மெதுவாகத்தான் பேசுவேன். நீதிபதியாக இருந்தவனுக்கு அவசரம் ஆகாது.

அப்பா ரயில்வேக்காரர். நான் பிறந்தது இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். மாஜிஸ்திரேட், செஷன்ஸ், பிறகு உயர்நீதிமன்றம் என்று ஏறினேன். டத்தோ பட்டமும் வந்தது. இத்தனை ஆண்டுகளில் என் தீர்ப்பு ஒன்றுகூட மேல்முறையீட்டில் கவிழ்ந்ததில்லை. என்னோடு சட்டம் படித்த வாசு விருந்துகளில் எல்லார் முன்னாலும் சொல்வான்: "இவன் தீர்ப்பு சிமெண்டுதான் லா. எவனாலயும் ஆட்ட முடியாது." நான் அடக்கமாகச் சிரிப்பேன். அடுத்த படியான மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் என் பெயர் போயிருந்தது.

நீங்கள் கேட்க வந்த கால்வின், கிள்ளான் பக்கம் பண்டமாரான்காரர். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிப் போகும் லோரியின் ஓட்டுநர். இருக்கைக்கு அடியில் போதைப்பொருள் இருந்தது. "யாரு வச்சான்னு சத்தியமா தெரியாது, யாங் அரிப்" என்று நீதிபதிக்குரிய மரியாதையோடு என்னைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சொல்வதுதான். லோரிச் சாவி அவரிடம் மட்டுமே இருந்தது. அதை வைத்துக் குற்றவாளி என்றேன். முப்பது ஆண்டு. பிரம்படி தனி.

மேல்முறையீடு செய்தார். அது அவர் உரிமை. தீர்ப்பை வாயால் சொல்லிவிடலாம். மேல்முறையீடு என்று வந்துவிட்டால் நீதிபதி காரணங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். அவை போய்ச் சேராமல் மேல்கோர்ட் வழக்கைத் தொடாது. எழுதத்தான் உட்கார்ந்தேன். சாட்சியங்களைப் புரட்டும்போது, போலீஸ் சார்ஜன்ட் குறுக்கு விசாரணையில் சொன்னது கண்ணில் பட்டது. இன்னொரு சாவி லோரிக் கம்பெனி ஆபீசில் ஆணியில் தொங்குமாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போவார்களாம். அன்றைக்கு என் காதால் கேட்டதுதான். தீர்ப்புச் சொல்லும்போது மறந்துவிட்டேன்.

நேர்மையாக எழுதினால் வழக்கு அங்கேயே உடைந்துவிடும். பொய்யாக எழுத எனக்கு வராது. ஆகவே பேனாவை மூடி வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

என் செக்ரட்டரி சந்திரகலா நினைவூட்டுவாள்.

"டத்தோ, ரிஜிஸ்ட்ரார் மறுபடி கேட்டாங்க. அந்த லோரிக் கேஸ்."

"கிறிஸ்துமஸ் கழியட்டும்னு சொல்லும்மா."

"எந்தக் கிறிஸ்துமஸ், டத்தோ?"

கெட்டிக்காரப் பெண். மாற்றல் வாங்கிக் கொடுத்தேன்.

கால்வினின் மனைவி குளோரியா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வெளியே வரும்போது மாதா கோவில் வாசலில் நிற்பாள். கிள்ளானிலிருந்து ரயில் ஏறி வருவாள். குரல் உயர்த்தியதே இல்லை.

"டத்தோ, நீங்க எழுதுற பேப்பர் வந்தாத்தான் கேஸ் எடுப்பாங்களாம். லோயர் சொல்றாரு."

"எழுதிக்கிட்டு இருக்கேன்மா. அவசரமா எழுதுற விஷயமா அது? கால்வின் எப்படி இருக்காரு?"

"கிட்னி சரியில்லன்னு சொல்றாங்க, டத்தோ. கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. என்னைய பாத்தா சிரிக்கிறாரு, அதான் பயமா இருக்கு."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

அதன்பின் ஒவ்வொரு வாரமும் விசாரித்தேன். பசி எடுக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, எழுந்து நடக்கிறாரா என்று கேட்பேன். இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை என்று அவள் கண் கலங்கினாள். சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. மேல்முறையீடு செய்தவர் இறந்துவிட்டால் மேல்முறையீடும் அதோடு முடிந்துவிடும். கீழ்க்கோர்ட் தீர்ப்பு அப்படியே நிற்கும். சுருக்கமான, தெளிவான பிரிவு. அவளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

வேண்டுமென்றே காத்திருந்தீர்களா என்று கேட்கிறீர்கள். ஆமாம். குறித்துக்கொள்ளுங்கள். அவர் குற்றமற்றவர் என்று தெரிந்தே காத்திருந்தேன். அவர் சிறை மருத்துவமனையில் இறந்த செய்தி வந்தபோது நான் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பதவியேற்றிருந்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் தூங்கினேன்.

அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமையும் குளோரியா வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தாள்.

"அவருதான் போயிட்டாரு, டத்தோ. ஆனா ஸ்கூல்ல இதுங்கள டாடா பிள்ளைங்க, போதை கடத்துனவன் பிள்ளைங்கன்னு சொல்றாங்க. அவரு தப்பு செஞ்சாரா இல்லையான்னு நீங்க எழுதுனா போதும். நான் பிரேம் போட்டு வீட்டுல மாட்டிக்குவேன்."

முடியாது என்று சொல்வது சுலபம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் துக்கத்தில் இருக்கும் பெண்ணின் மனதை நோகடிக்கும் ஆள் நான் இல்லை.

"எழுதிக்கிட்டு இருக்கேன்மா" என்றேன்.