ரேடியேட்டர் மூடியைத் திறந்தவர்

என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது முப்பத்தெட்டு. பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கிறேன். மேற்படி வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் என் தாயாரும், மாடியில் அக்காவும் அவள் கணவரும் குடியிருந்தோம். இப்போது முகமும் கையும் வெந்து சிகிச்சையில் இருப்பவர் அந்த அத்தான்தான்.

சென்ற மாதம் தாயாருக்கு நெஞ்சுவலி வந்தது. அத்தான் தன் காரில் வெளியே போயிருந்ததால், நானே எங்கள் காரின் பின்சீட்டில் தாயாரைப் படுக்க வைத்து ஓட்டிச் சென்றேன். மேம்பால நெரிசலில் இன்ஜின் கொதித்து, ஆவி கிளம்பி, வண்டி நின்றுவிட்டது. வேறு வண்டி கிடைப்பதற்குள் தாயார் என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்துவிட்டது.

அடக்கம் முடிந்த பிறகு உறவினர்கள் முன்னால் அத்தான், "ஓட்டத் தெரியாதவ கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான். சூடு காட்டுற முள்ளு ஏறுறதக்கூடவா பாக்கல?" என்றார். அதன் பிறகு அக்கா என் முகம் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள்.

நான் வாசலில் கிடந்த காரை ஒரு விடுமுறை நாளில் சோதித்தேன். இன்ஜின் ஆறியிருந்ததால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரை நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. ரப்பர் குழாய்களில் வெடிப்பு இல்லை. அதன் பிறகு இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். முள் ஏறியும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. அணைத்துவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறந்ததில், ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அது தானாகக் கழன்று விழும் பொருள் அல்ல.

அத்தானின் காரும் எங்கள் காரைப் போன்றதே. தாயார் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அது சூடாவதாக அவர் புலம்பிக்கொண்டிருந்தார். அதன் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எங்கள் மெக்கானிக் அடையாளத்துக்குச் சிவப்புப் பெயின்ட் வைத்திருந்த எங்கள் காரின் ரிலே அதில் இருந்தது.

நான் கூச்சல் போடவில்லை. ரிலேயை எடுக்கவும் இல்லை.

சம்பவ தினத்தன்று காலை எங்கள் காரை வாசலில் நிறுத்தி, முள் சிவப்பைத் தொடும்வரை ஓடவிட்டேன். அதன் பிறகு அணைத்துவிட்டு, "அத்தான், வண்டி மறுபடியும் சூடாகுது, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன். அவர் வந்து, "தண்ணி ஊத்திருக்க மாட்டே, வேற என்ன?" என்று ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார்.

"ஃபேன் ரிலேயக் காணோம் அத்தான். எங்க போச்சு?" என்று கேட்டேன்.

உண்மையைச் சொன்னால் அவர் கையை மூடியிலிருந்து தட்டிவிடுவது என்று மனதில் வைத்திருந்தேன்.

"எனக்கென்ன தெரியும்? துணியக் குடு" என்றார். கொடுத்துவிட்டு நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர் மூடியைத் திருகினார். கொதிநீர் அவர் முகத்திலும் கையிலும் பீய்ச்சி அடித்தது.

அதன் பிறகு அவருடைய காரில் நானே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் நெரிசல். வண்டி சூடாகவே இல்லை. "நீ சொல்லியிருக்கலாமே" என்று முனகினார். "நீங்களும் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

மூடியைத் திறந்தால் கொதிநீர் அப்படிப் பீய்ச்சும் என்று எனக்குத் தெரியாது எனச் சொல்லும்படி வக்கீல் அறிவுறுத்தினார். எனக்குத் தெரியும். அப்படியே பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் வற்புறுத்தாமல் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)