அக்காவின் பாலத்தை நான் அழிக்கவில்லை

வீட்டில் கூப்பிடும் பெயர் சின்னவன். வயது 43. செயற்கைப் பல் செய்யும் தொழில். விலாசம், புகார் கொடுத்த என் அக்கா குடியிருக்கும் அதே வீட்டின் மாடி.

நான் நானாகவே ஆஜராகிச் சொல்வது என்னவென்றால், எங்கள் வீட்டில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கம்ப்யூட்டர்கள் உள்ளன. இரண்டையும் இயக்குவது லினக்ஸ்தான். அக்கா பாலம் வடிவமைக்கும் இன்ஜினியர். ஒரு போட்டிக்காக ஒன்பது மாதமாக நடைபாலம் ஒன்றை வரைந்து வந்தார். இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். போட்டோ, சினிமா என்று எது வேண்டுமானாலும் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்க வேண்டியிருந்ததால், இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வைத்துவிட இன்று முடிவு செய்தேன். அக்காவிடம் கேட்கவில்லை.

காலை 11 மணிக்கு என் கம்ப்யூட்டரில் 'பொது' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, கீழ்வீட்டு கம்ப்யூட்டர் அதைத் திறக்கலாம் என்று அனுமதி எழுதினேன். அதன் பிறகு கீழே போனேன். அக்கா வெளியே போயிருந்தார். அதன் பிறகு அந்தப் பொது ஃபோல்டரை, அக்கா தினமும் திறக்கும் 'வேலை' என்ற ஃபோல்டரின் இடத்திலேயே, அதைத் திறந்தால் இது திறக்கும்படி, மாட்டினேன். தேடாமல் கண்ணில் படட்டும் என்ற நல்லெண்ணம்தான். அணைத்துப் போட்டாலும் இணைப்பு போகாதபடி நிரந்தரமாகவும் எழுதி வைத்தேன். அதன் பிறகு மாடிக்கு ஓடி, 'வணக்கம்' என்று ஒரு வரி எழுதிச் சேமித்துவிட்டுக் கீழே ஓடி வந்து பார்த்தேன். வணக்கம் வந்திருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பதினெட்டுப் படிகளை அதன் பிறகு எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அத்தான் வந்து, "வீட்டுல என்ன, பூகம்பமா?" என்று கேட்டார்.

2 மணிக்கு அக்கா வந்து வேலை ஃபோல்டரைத் திறந்தார். நூற்று நாற்பத்திரண்டு வரைபடங்கள் இருந்த இடத்தில் என் வணக்கம் மட்டும் இருந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கம்ப்யூட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டும் பயனில்லை. அதே போட்டியில் இருக்கும் இன்னொரு இன்ஜினியர் போன வாரம் என்னிடம் பல் கட்டிக்கொண்டு போனது அப்போது அக்காவுக்கு நினைவு வந்தது. "அவன் வாய்ல பல்லை வச்சுட்டு என் வயித்துல அடிச்சிட்டியேடா" என்றார். அதன் பிறகு நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, அந்த இன்ஜினியருக்காக நான் வரைபடங்களைத் திருடி அழித்துவிட்டேன் என்று புகார் கொடுத்தார். நானும் பின்னாலேயே ஓடி வந்தேன்.

இதுவரை சொன்னதை எழுதிக்கொண்டு வந்த ஸ்டேஷன் ரைட்டர் பேனாவை நிறுத்தி, "நீங்க மாட்டுறதுக்கு முன்னாடி அந்த வேலை ஃபோல்டர் காலியா இருந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். காலி ஃபோல்டரில்தான் மாட்ட வேண்டும். சாமான் உள்ள ஃபோல்டரில் மாட்டினால், உள்ளே இருப்பது அழியாது. பாத்திரத்தைத் தட்டு போட்டு மூடிய மாதிரி, மாட்டியதைக் கழற்றும்வரை கண்ணில் படாது, அவ்வளவுதான். "அழியலக்கா! எல்லாம் அடியிலதான் இருக்கு!" என்று நான் போட்ட சத்தத்தில் லாக்கப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார். அப்போது மணி 4.20.

அதன் பிறகு ரைட்டரின் அனுமதியுடன் வீட்டில் இருந்த அத்தானுக்குப் போன் போட்டு, கழற்றும் கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அத்தான் ஒற்றை விரலில் தட்டுபவர். "உபயோகத்துல இருக்கு, முடியாதுங்குதுடா" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. திறந்து கிடக்கும் ஃபோல்டரை மூடிவிட்டு மறுபடி தட்டச் சொன்னேன். "வந்துடுச்சுடா! நூத்தி நாப்பத்திரெண்டும் வந்துடுச்சு!" என்று அத்தான் கத்தியது ஸ்பீக்கர் போடாமலே எல்லோருக்கும் கேட்டது. அக்கா போனைப் பிடுங்கி, எதை எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்லச் சொல்ல அத்தான் அனுப்பினார். 4.53க்குக் கிடைத்தது என்று பதில் வந்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

அதன் பிறகு, புகாரை முடித்து வைக்க என்ன எழுதட்டும் என்று ரைட்டர் கேட்டதற்கு அக்கா, "என் தம்பி திருடன் இல்ல, அவசரக்குடுக்கைன்னு எழுதிக்கங்க சார்" என்றார். அதையும் சேர்த்து, மேலே கண்டவை யாவும் நடந்தது நடந்தபடியே என்றும், படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது என்றும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

ஒப்பம்: சின்னவன்
சாட்சி: புகார் கொடுத்த அக்கா