மஞ்சள் ஒட்டினால் திரும்பாது

அண்ணி: ...டீச்சர் வாங்கத்தானே வந்தாங்க? அவங்ககிட்ட அப்படியா சொல்லுவ?

நாத்தனார்: என்ன சொல்லிட்டேன் அண்ணி? குக்கர்ல சின்னக் குறை இருக்குன்னேன்.

அண்ணி: சின்னக் குறையா? “இது விசில் அடிக்காது, பெருமூச்சுதான் விடும்”னு சொன்ன.

நாத்தனார்: எங்கண்ணன் குடித்தனத்துல இருபது வருஷம் இருந்த குக்கர். பெருமூச்சு விடாம பாட்டா பாடும்?

அண்ணி: டயாலிசிஸ் போறவங்களை ஏத்திட்டுப் போற நம்ம குழு வண்டிக்காகத்தாம்மா இந்தக் கடையே. நாலு டயரும் தேய்ஞ்சு கிடக்கு. குழுவுக்கு நாலு காசு சேரட்டும்னுதானே உன் வீட்டு வாசல்ல பழைய சாமானைப் பரப்பிட்டு உட்கார்ந்திருக்கோம்?

நாத்தனார்: ஆமா, டயர் நம்ம குழுத் தலைவர் மண்டையை விட வழவழன்னு இருக்கு.

அண்ணி: அப்ப ஒழுங்கா வியாபாரம் பண்ணு. நாய் வித்த காசு குரைக்காது. என் சாமான் வித்த காசு மட்டும் உனக்குக் குரைக்குதா? காலைலேர்ந்து ஊரார் சாமான்லாம் போகுது. என்னோடது மட்டும் நட்ட கல்லு மாதிரி நிக்குது.

நாத்தனார்: ராசி அண்ணி. எங்கண்ணன் கை பட்டதாச்சே.

அண்ணி: அவர் பேச்சை எடுக்காத.

நாத்தனார்: நான் எங்க எடுத்தேன்? அவனேதான் எட்டு மாசம் முன்னாடி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டானே. கூட ஒருத்தியையும். சரி, விடுங்க.

அண்ணி: உன் கட்டில் மட்டும் எப்படிப் போச்சு? அவ்ளோ பெரிய தேக்குக் கட்டில். மெக்கானிக் வந்து விலை கேட்டு முடிக்கல, பாதி விலைக்குத் தூக்கிக் குடுத்துட்ட.

நாத்தனார்: மீதிப் பாதிக்கு டயர் மாட்டித் தரேன்னுட்டார். தவிர, அந்தச் சனியன் ரூமையே அடைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு.

அண்ணி: இன்னைக்குத் தரையில படுக்கப் போறியா?

நாத்தனார்: முதுகுக்கு நல்லதாம்.

டீச்சர்: ஏங்க, இந்த இஸ்திரிப் பெட்டி என்ன விலை?

அண்ணி: நூத்தம்பது டீச்சர். நல்லா...

நாத்தனார்: நல்லா சுடும் டீச்சர். துணியையா கையையான்னுதான் உறுதியா சொல்ல முடியாது. போன மாசம்கூட எங்க அண்ணிக்கு ஷாக்... காட்டுங்க அண்ணி.

அண்ணி: எனக்கு ஒண்ணும் ஆகல டீச்சர்.

நாத்தனார்: பாவம், அதுலேர்ந்து மறதி வேற.

டீச்சர்: ...நான் அந்தப் பக்கம் புத்தகம் பார்க்கறேங்க.

அண்ணி: போயிட்டாங்க. இப்ப திருப்தியா? கடை போட்டவ வாயில வெல்லம் இருக்கணும். உன் வாயில வேப்பெண்ணெய்.

நாத்தனார்: அண்ணி... இந்தப் பெட்டி இன்னும் சூடா இருக்கே.

அண்ணி: வெயில்.

நாத்தனார்: தார்ப்பாய் நிழல்லயா?

அண்ணி: ...அரை மணி முன்னாடி வீட்டுக்குப் போய் ரெண்டு புடவை தேய்ச்சுட்டு, இப்பதான் கொண்டுவந்து வெச்சேன்.

நாத்தனார்: தேய்ச்ச கையோட பெட்டி வேணாம்னு தோணிருச்சு. நேத்து சாதம் வெச்சதோட குக்கரும் வேணாம்னு ஆயிருச்சு. உள்ள ஒரு பருக்கை இன்னும் ஒட்டிட்டிருக்கு.

அண்ணி: சரியா கழுவல. மன்னிச்சுக்கோ.

நாத்தனார்: எல்லாரும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. விக்கலைன்னா சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிடணும்னு. நீங்க மட்டும் எல்லாத்துலயும் மஞ்சள். விக்கலைன்னாலும் திரும்ப வேணாமாம். பாய், குடை, அலாரம்... ஒண்ணு விடல.

அண்ணி: வீட்ல இடம் இல்ல.

நாத்தனார்: இடம் இல்லையா, வீடே இல்லையா?

அண்ணி: என்ன உளர்ற? வீடு எங்க போகும்?

நாத்தனார்: முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கணும்னா அதுக்குச் சோறாவது நிறைய வேணும் அண்ணி. நீங்க இன்னைக்கோட காலி பண்றதை வீட்டுக்காரம்மா போன வாரமே சொல்லிட்டாங்க.

அண்ணி: அந்தம்மா வாயில ஒரு ரகசியம் தங்காது.

நாத்தனார்: எங்க போறீங்க?

அண்ணி: ஹாஸ்டல். வேலைக்குப் போற பொம்பளைங்க தங்கறது. ஆறு மணிக்கு பஸ். ஒரு பெட்டிக்கு மேல கொண்டு வரக் கூடாதாம்.

நாத்தனார்: பிரமாதம். என்கிட்ட எப்ப சொல்றதா உத்தேசம்? போய்ச் சேர்ந்து கடுதாசி போடலாம்னா?

அண்ணி: எந்த உரிமைல சொல்லுவேன்? உங்கண்ணன் வழியாத்தான் நீ எனக்கு நாத்தனார். அந்த வழியே அடைச்சுப் போச்சு. இதுல உன் தலையிலயும் வந்து உட்காரணுமா? கூச்சமா இருக்கு. புது ஊருக்குத் தனியா போகப் பயமாவும் இருக்கு. போதுமா?

நாத்தனார்: இருபது வருஷம் என் சமையலைக் குறை சொன்னீங்களே. அப்ப இந்தக் கூச்சம் எங்க ஊருக்குப் போயிருந்துச்சு?

அண்ணி: அது குறை இல்ல. உண்மை. ...ஏய், என்ன பண்ற? எதுக்கு மஞ்சளைக் கிழிக்கற?

நாத்தனார்: பச்சை ஒட்டறேன். காலைலேர்ந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் பொய் சொல்லி இதையெல்லாம் காப்பாத்தறதுக்குள்ள நாக்கு வறண்டு போச்சு.

அண்ணி: விளையாடாத. பச்சைன்னா சாமான் வீட்டுக்குத் திரும்பணும். எந்த வீட்டுக்குத் திரும்பும்?

நாத்தனார்: அந்தக் கட்டிலை ஏன் அவ்ளோ அவசரமா தள்ளிவிட்டேன்னு நினைச்சீங்க? அது கிடந்தா ரூம்ல ரெண்டு சின்னக் கட்டில் போட முடியாது. ரெண்டும் நேத்தே வந்து பின்னாடி கிடக்கு. ஜன்னல் ஓரம் உங்களுக்கு. குறட்டை விட்டீங்கன்னா மட்டும் நெத்தியில மஞ்சள் ஒட்டிடுவேன்.