பால்சாமியின் இறப்புத் தேதி

உங்கள் ஸ்டேஷன் பிரிண்டரில் ஓரமாகக் கறுப்புக் கோடு விழுகிறது, ஐயா. டோனரை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கிப் போட்டால் போய்விடும். எனக்கு வேலை என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். உக்கிரபாண்டி பதிந்த மனு திரும்பி வராது என்று ஊரே சொல்லும்.

நீங்கள் இந்த விவசாயிகளுக்காக ரொம்ப இரக்கப்படுகிறீர்கள். எனக்கு அவர்களை நன்றாகத் தெரியும். சாண் வரப்புக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இருபது வருஷம் வழக்காடுவான். போனில் வந்த ஒரு வரியை வாசிக்க மாட்டான். கொரோனா நிவாரணம் இரண்டாயிரம் என்றதும் மாஸ்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு என் கடை வாசலில் ஆட்டுமந்தையாக நின்றார்கள்.

அதில் பால்சாமியும் ஒருவர். இரண்டு ஏக்கர் தென்னை. தேங்காய் உரித்து உரித்து விரலில் ரேகையே இல்லை, மெஷின் எடுக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் ஆதாரையும் ரேஷன் கார்டையும் போனையும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஓடிபி வந்தால் நானே பார்த்துப் போட்டுக்கொள்வேன். எங்கள் ஊர் வழக்கம் அது.

"நீயே பாத்துப் போடுப்பா. நான் செத்த நேரம் டீ குடிச்சிட்டு வாரேன்" என்றார்.

அவர் டீ குடிக்கிற நேரத்தில் யோசித்தேன். உயிரோடிருக்கிற விவசாயிக்கு இரண்டாயிரம். கொரோனாவில் செத்தவர் குடும்பத்துக்கு அதைப்போலப் பல மடங்கு. பழைய இறப்புச் சான்று ஒன்றில் பெயரை மாற்றினேன். அதை வைத்து ரேஷன் கார்டிலிருந்து அவர் பேரை நீக்கினேன். இறப்பு நிவாரணத்துக்கு மனுப் போட்டு, வாரிசு என்ற இடத்தில் என் மனைவி யோகேஸ்வரியின் வங்கிக் கணக்கைக் கொடுத்தேன். பால்சாமி வந்து போனை வாங்கிக்கொண்டு என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிடுகிறவனை நான் எப்போதுமே மதித்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவர் மகள் சிவரஞ்சனி வந்தாள்.

"அண்ணே, அப்பாவுக்கு மூச்சு எளைக்கி. ராஜபாளையத்துல பிரைவேட்டு ஆஸ்பத்திரியில காப்பீட்டு அட்டையக் காட்டுனா, ஆளு செத்துட்டதா வருதுங்காக. கையில ரூவா இல்ல, வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டோம். நீங்கதான் சரி பண்ணித் தரணும்."

எனக்குப் பத்து நிமிஷ வேலை. ஆனால் செத்தவரை எழுப்பினால், பணம் எங்கே போனது என்று கேள்வி வரும். சர்வர் டவுன், திங்கட்கிழமை வாம்மா என்றேன். கட்டணம் அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டேன். ரசீதும் கொடுத்தேன்.

பால்சாமி ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்துபோனார்.

சிவரஞ்சனி இறப்பைப் பதியப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயிருக்கிறாள். இவர் ஏற்கனவே செத்துவிட்டாரே, நிவாரணமும் வாங்கியாயிற்றே என்றிருக்கிறார்கள். அந்தப் பெண் மட்டும் பதிவிலிருந்த அந்த நிவாரண வரியை வாசித்திருக்கிறாள். யார் கணக்குக்குப் போனது என்று கேட்டிருக்கிறாள். அவர்களில் ஒருத்தியாவது வாசித்தாளே.

ஆமாம், நான்தான் செய்தேன். திங்கட்கிழமை வரை தாங்கமாட்டார் என்பதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொய்ப் பதிவு என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. நான் பதிந்தபடிதானே நடந்திருக்கிறது. தேதிதான் கொஞ்சம் முந்திவிட்டது.