கூறைச்சேலையின் பாதிப் பூ

பெயர்: சந்தியோகு அன்ரோனெற். வயது: 49. தொழில்: நெசவு. விலாசம்: கீரி, மன்னார். திகதி: 19.05.1973, சனிக்கிழமை.

நான் மேற்படி விலாசத்தில் வசிக்கிறேன். வீட்டில் சொந்தத் தறி உண்டு. என் மகன் எட்வேட்டுக்கும் விடத்தல்தீவைச் சேர்ந்த பெற்றிசியாவுக்கும் வரும் திங்கட்கிழமை விவாகம். கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. கடைச்சேலை வேண்டாம், நானே நெய்து தருகிறேன் என்று பெற்றிசியாவிடம் சொல்லியிருந்தேன்.

நெய்வதற்கு முன்னரே பாவாக நெடுக்கே ஓடும் பட்டுநூலை இடையிடையே நாரால் இறுகக் கட்டிச் சாயவேர்ச் சிவப்பில் தோய்த்தால், கட்டிய இடங்கள் வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளைதான் நெய்யும்போது பூவாகும். பின்னேரங்களில் செபமாலை சொல்லிக்கொண்டே கட்டுவேன். ஓர் அருள்நிறை மந்திரத்துக்கு ஒரு கட்டு, பத்து மந்திரத்துக்கு ஒரு வரிசை. ஒரு பின்னேரத்துக்கு ஐந்து வரிசை, ஒன்பது பின்னேரத்தில் நாற்பத்தைந்து வரிசை. ஒரு நாள் என் மச்சாள் கிறேஸ் இடையில் வந்து கதைகொடுத்ததில், கடைசிப் பத்தை இரண்டு தரம் சொல்லிக் கட்டிவிட்டேன். அதன் பின்னர் நெய்து முடியும் தறுவாயிலேயே ஒரு வரிசை கூடியிருப்பதைக் கண்டேன். அந்த வரிசையின் பூக்கள் பாதி நெய்தபடியிருக்கத் தறியில் இடம் முடிந்தது. மற்றப் பாதியை, அடுத்த பாவைப் பிணைப்பதற்காக, நெய்யாத இழைகளாய்த் தறியிலேயே விட்டுச் சேலையை அறுத்தெடுத்தேன். குறை கொய்யக மடிப்புக்குள் மறையுமென்பதால் ஒருவரிடமும் சொல்லவில்லை.

17ஆம் திகதி காலை பொலிஸ் உப பரிசோதகர் சனூன் அவர்கள் வந்து, இராமேஸ்வரம் கப்பலில் தீர்வையில்லாமல் வந்த சேலை என்னிடம் இருப்பதாகப் பெட்டிசம் கிடைத்ததெனக் கூறிச் சேலையைக் கைப்பற்றினார். நான் நெய்தது என்றேன்.

“இப்பிடி மன்னாரிலை ஆர் அம்மா நெய்யினம்? எனக்குச் சேலை தெரியாதெண்டு நினைச்சீங்களோ?” என்றார்.

பெண்வீட்டாருக்கு நான் அறிவிக்கவில்லை. இன்று காலை பொலிஸ் நிலையத்துக்கு வந்து, என் பிழையைச் சொல்லி, சேலையைத் தறியடிக்குக் கொண்டுவரும்படி கேட்டேன். அதன் பின்னர் அவர் வந்து, சேலையின் அறுத்த ஓரத்தைத் தறியில் நின்ற இழைகளோடு வைத்துப் பார்த்தார். பத்துப் பூவும் பொருந்தின. மூன்றாம் பூவருகே சாயம் கசிந்த கறையும் இரண்டு பக்கமும் தொடர்ந்தது. அவர் குந்தியிருந்து இரண்டு தரம் எண்ணினார்.

அங்கு நின்ற கிறேஸ், “கூடச் சொன்ன செபம் வீண்போகேல்லை, மச்சாள். அதுக்குக் காரணம் நான்தான், மறந்துபோகாதேங்கோ” என்றார். உப பரிசோதகரும் சிரித்தார்.

அதன் பின்னர் வழக்குக் கோவைக்குச் சான்று வேண்டுமென்றதால், தறியில் நின்ற பாதிப் பூக்களை என் கையாலேயே அறுத்துக் கொடுத்தேன். அவை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இனிப் பிணைக்கப் பழைய இழை இல்லாததால், அடுத்த பாவைத் தறியின் அச்சுச் சீப்பில் இழையிழையாகக் கோக்க வேண்டும். மூன்று நாள் வேலை, செய்யலாம். பெட்டிசம் எழுதியவர் யாரென நான் கேட்கவில்லை.

மற்றப் பாதிப் பூக்கள் உள்ள சேலையை இன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் கையேற்றேன். மூன்றேகால் பஸ்ஸில் விடத்தல்தீவுக்குக் கொண்டுபோகிறேன்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கட்டியதில் ஒரு வரிசை பிழை. சொன்னதில் பிழையில்லை, அனைத்தும் உண்மை.

ஒப்பம்: ச. அன்ரோனெற்