இன்னும் சைபருக்கு சைபர்தான்

சுந்தரமூர்த்தி: இன்னா சத்தம் அது, தேவகி?

தேவகி: எது?

சுந்தரமூர்த்தி: ஊரே ஓன்னு கத்துச்சே. போன்ல காது கிழியுது. கோலா?

தேவகி: கோலும் இல்ல ஒண்ணும் இல்ல. நாய் ஒண்ணு கிரவுண்டுக்குள்ள பூந்துடுச்சு.

சுந்தரமூர்த்தி: நாய்க்கா இந்தக் கத்து கத்துனாங்க?

தேவகி: பெரிய நாய்ங்க.

சுந்தரமூர்த்தி: இன்னா கலரு?

தேவகி: ...செவலை. ஆட்டம் இன்னும் சைபருக்கு சைபர்தான். நீங்க மொதல்ல கட்டில்ல சாஞ்சு படுங்க. சர்தார் பாஷா பாய் கூட இருக்காரில்ல?

சுந்தரமூர்த்தி: பக்கத்துலயே குந்தினு இருக்கான். எழுந்திருக்கவே வுட மாட்றான்.

தேவகி: மாத்திரை?

சுந்தரமூர்த்தி: அவன் சட்டப் பாக்கெட்ல. தோஸ்துன்னா சும்மாவா. நீ ஆட்டத்த சொல்லு.

தேவகி: அது இன்னா, அங்கயும் தப்பட்டை சத்தம் கேக்குது?

சுந்தரமூர்த்தி: கிரவுண்டு இன்னா தூரத்துலயா இருக்குது, தெருக்கோடி. ஜன்னல் தொறந்திருக்குது.

தேவகி: சாத்தச் சொல்லுங்க. படபடப்பு ஆவப்போவுது.

சுந்தரமூர்த்தி: டேய் சர்தார், ஜன்னல சாத்துடா.

தேவகி: இன்னும் கேக்குதே.

சுந்தரமூர்த்தி: பழைய ஜன்னல்.

தேவகி: செரி, லைன்லயே இருங்க. முன்னாடி ஆளுங்க மறைக்கிறாங்க.

நிஷா: அக்கா, எந்த நாயி? நான் பாக்கவே இல்லையே.

தேவகி: மெதுவா பேசு. போன கையால பொத்தினு இருக்கேன். நாயும் இல்ல, நரியும் இல்ல.

நிஷா: அப்ப மேல்விஷாரத்துக்காரங்க போட்டாங்களே, அந்த கோலு?

தேவகி: அத அவருகிட்ட சொல்லச் சொல்றியா? போன மேட்ச்ல இதே மாதிரி கோல் வாங்கினப்பதான், இந்த கேலரிப் படியிலயே நெஞ்ச புடிச்சுனு சாஞ்சாரு. ஸ்டென்ட் வெச்சு வீட்டுக்கு இட்டாந்து எத்தினி நாளாச்சு? மனச அலட்டிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

நிஷா: அப்ப போனே எடுக்காம இருக்கலாமில்ல?

தேவகி: எடுக்கலன்னா எழுந்து வந்துடுவாரு. நான் எதுக்கு வந்தேன்னு நெனக்கிற? ‘தூணோரம் அந்தப் படி என் எடம், அது காலியா கெடந்தா நம்ம டீம் தோத்துடும், நீயாவது போய்க் குந்து’ன்னு காலையிலேர்ந்து நச்சரிப்பு. இன்னைக்கு ஜெயிச்சாத்தான் ஏ டிவிஷனாம். டிரா ஆனாக்கூட பி டிவிஷனுக்கு எறக்கிடுவாங்களாம்.

நிஷா: உங்களுக்குத்தான் பந்துன்னாலே ஆவாதே. கம்பெனில லஞ்ச் நேரத்துல கூட திட்டுவீங்க.

தேவகி: திட்டுவேன்தான். ஞாயித்துக்கெழமயானா மனுசன் வீட்ல தங்க மாட்டாரு. கொழம்பு ஆறிப்போவும், எனக்கு ஒரே பேஜாரு... இந்தா, இந்தா, ஃபைஸான் கால்ல பந்து.

நிஷா: யாரு ஃபைஸான்?

தேவகி: நம்ம தோல் குடோன்ல லோடு தூக்குறானே, அவன்தான். பத்தாம் நம்பரு.

சுந்தரமூர்த்தி: தேவகி... இருக்கியா?

தேவகி: இருக்கேங்க. ஃபைஸான் வர்றான். ரெண்டு பேருக்கு நடுவுல, தோல்ல ஊசி எறங்குற மாதிரி பூந்து வர்றான்.

சுந்தரமூர்த்தி: லெப்ட்ல ஆளு இருக்கா?

தேவகி: யாரும் இல்ல.

சுந்தரமூர்த்தி: நல்லா பாரு. கார்னர் கொடியாண்ட.

தேவகி: ஆமா, ஒருத்தன் இருக்கான்... உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

சுந்தரமூர்த்தி: இத்தினி வருசமா பாக்குறேன். எப்பவும் ஒருத்தன் இருப்பான்.

நிஷா: அக்கா, கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி பாத்தீங்களா? இந்த வெயில்ல ஒருத்தர் மங்கி குல்லா போட்டுனு சேர்ல குந்தியிருக்காரு.

தேவகி: ஜுரமா இருக்கும். நீ பந்தப் பாரு. கொடியாண்ட இருக்கவன்கிட்ட குடுத்துட்டான்... அவன் தூக்கி அடிக்கிறான்... ஃபைஸான் எம்புறான்... தலையால... கோல்!

நிஷா: அக்கா, குதிக்காதீங்க, செருப்பு கழலுது.

சுந்தரமூர்த்தி: இன்னாது, கோலா?

தேவகி: ...இல்லைங்க. அந்த நாய் திரும்ப வந்துடுச்சு.

சுந்தரமூர்த்தி: நீ கோல்னு கத்துன.

தேவகி: போன்னு கத்தினேன். நாய.

சுந்தரமூர்த்தி: ஓ. அதே செவலையா?

தேவகி: அதேதான்.

சுந்தரமூர்த்தி: அப்ப ஸ்கோரு?

தேவகி: இன்னும் சைபருக்கு சைபர்தான்.

சுந்தரமூர்த்தி: செரி. நாய் மேல ஒரு கண்ணு வெச்சுக்க. இன்னொரு வாட்டி வந்தா நல்லதுதான்.

தேவகி: இன்னா சொன்னீங்க?

சுந்தரமூர்த்தி: ஒண்ணும் இல்ல. ஆட்டத்தப் பாரு.

நிஷா: ஏன்கா இதையும் மறச்சீங்க? நம்ம கோலுதானே.

தேவகி: மெதுவா, அவருக்குக் கேக்கப்போவுது. ஒண்ணுக்கு ஒண்ணுன்னு சொன்னா, மொதல் ஒண்ண எப்ப போட்டாங்கன்னு கேப்பாரே. அதுவும் இல்லாம சந்தோசத்துலயும் நெஞ்சு அடிக்கும் நிஷா. எனக்கே அடிக்குது. கைய வெச்சுப் பாரு.

நிஷா: அய்யோ, தையல் மெஷின் மாதிரி ஓடுது.

தேவகி: இத்தினி வருசமா இவரு இதத்தான் நெஞ்சுக்குள்ள வெச்சுனு இருந்திருக்காரு. இவ்ளோத்தயும் சுமந்துனு வீட்டுக்கு வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி சோறு போடுன்னு குந்துவாரு. நானும் ஒரு நாளாவது ஆட்டம் எப்பிடின்னு கேட்டிருப்பேனா? கேட்டதே இல்ல.

நிஷா: இப்ப நீங்களே சொல்லினு இருக்கீங்களே.

தேவகி: சொல்றேன், எல்லாம் பொய்யா... இந்தச் செருப்பு வேற. அவரே வார் வெட்டித் தெச்சது. செக்கிங் டேபிளாண்ட நாள் பூரா நின்னா காலு வீங்கும்னு, எனக்கு மட்டும் கொஞ்சம் லூசா வெப்பாரு.

நிஷா: ரெஃப்ரி வாட்ச்ச பாக்குறாருக்கா.

தேவகி: பாக்காதய்யா. நீ அத பாக்காத.

சுந்தரமூர்த்தி: யார சொல்ற?

தேவகி: ரெஃப்ரியத்தான். நேரம் முடியப்போவுது போல... அய்யய்யோ, ஃபைஸான கீழ தள்ளிட்டானுங்க. விசில் ஊதிட்டாரு. ஃப்ரீ கிக்காம்.

சுந்தரமூர்த்தி: எங்கேர்ந்து?

தேவகி: கோலுக்குக் கிட்டத்துலதான். ஏங்க, நான் செத்த நேரம் பேசல.

சுந்தரமூர்த்தி: பேசாத. நீ மொதல்ல மூச்ச வுடு.

தேவகி: ...வுட்டேன்.

சுந்தரமூர்த்தி: இன்னும் கொஞ்சம்.

தேவகி: மேல்விஷாரத்துக்காரனுங்க செவுரு மாதிரி நிக்கிறானுங்க. ஃபைஸானேதான் அடிக்கப்போறான். ஓடி வர்றான்... அடிச்சான்... கோல்கீப்பர் தட்டிட்டான்... திரும்ப ஃபைஸான் கால்லயே... உள்ள... உள்ள போய்டுச்சு! யோவ், கோலுய்யா! நாய் இல்ல, நெசமாவே கோலு!

நிஷா: அக்கா, செருப்பு! கால்லேர்ந்து பறந்து கீழ கோல் போஸ்ட் பக்கமா போய்டுச்சு.

தேவகி: போனா போவுது. யோவ், கேட்டியா? நாம முந்திட்டோம்.

நிஷா: விசிலும் ஊதிட்டாங்கக்கா. முடிஞ்சுடுச்சு. நாமதான்.

தேவகி: ஏங்க, ஜெயிச்சுட்டோம். கேக்குதா?

தேவகி: ஏங்க...

நிஷா: கட்டாயிடுச்சா?

தேவகி: இல்லடி, லைன் ஓடினுதான் இருக்குது. பேச மாட்றாரு. பாவி நான், கத்தித் தொலச்சுட்டேனே... ஏங்க, நெஞ்சு வலிக்குதா? நிஷா, சர்தார் பாய்க்கு உன் போன்ல அடி. ஏங்க, ஒரு சத்தமாவது குடுங்க...

நிஷா: ரிங் போவுதுக்கா, எடுக்க மாட்றாரு.

தேவகி: ஏங்க...

சுந்தரமூர்த்தி: இருக்கேன், இருக்கேன். கீழ குனிஞ்சு ஒண்ணு எடுத்தேன்.

தேவகி: குனிஞ்சீங்களா? குனியக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்களே... உசுரே போய்ட்டு வந்துச்சு எனக்கு. நெஞ்சு எப்பிடி இருக்குது?

சுந்தரமூர்த்தி: அடிக்குது.

தேவகி: ஜாஸ்தியாவா?

சுந்தரமூர்த்தி: இன்னைக்கு எவ்ளோ அடிக்கணுமோ அவ்ளோ. நீ அழுவாத.

தேவகி: அழல... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மொத கோலு அவங்க போட்டாங்க.

சுந்தரமூர்த்தி: ம்.

தேவகி: அப்புறம் ஃபைஸான் தலையால ஒண்ணு போட்டான். நாயே வரல. எல்லாம் நானா சொன்னது. கோவமா?

சுந்தரமூர்த்தி: கோவம் இன்னா கோவம். நல்ல நாய் தேவகி. அடுத்த மேட்ச்சுக்கும் இட்டுனு வா.

தேவகி: கிண்டல் போதும். தண்ணி குடிச்சுட்டுப் படுங்க. தெருக்கோடிதானே, நான் நடந்தே வந்துடுறேன். அது வரைக்கும் கட்டில வுட்டு எறங்கக் கூடாது, சொல்லிட்டேன்.

சுந்தரமூர்த்தி: ஒத்தக் காலு செருப்போட எப்பிடிடி நடப்ப? எழுந்திருக்காத, அங்கயே என் எடத்துலயே குந்தியிரு. இந்த மங்கி குல்லாவ கழட்டிட்டு, மத்த செருப்ப நான் எடுத்தாறேன்.