அடுத்த அறையின் சூடு

எங்கள் குடும்பத்தில் யாரும் வெயிலைப் பற்றிக் குறை சொன்னதில்லை. அப்பா டொமினிக், பத்து காஜா என்கிற ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் புகைக்கூடத்து ஆளாக இருந்தவர். ரப்பர் தகடுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, அந்த அனலுக்குள் போய்ப் போய்த் திருப்பிப் போடுகிற வேலை. தோட்டம் விற்றுப்போய் எங்களுக்கு இந்த வரிசை வீடு கிடைத்த பிறகும் அவர் மின்விசிறியை இரண்டாம் எண்ணுக்கு மேல் திருப்பியதில்லை. "நமக்கெல்லாம் சூடு சொரணையே கெடையாதுலா" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார்.

இன்ஸ்பெக்டர், எங்கள் வீட்டில் தங்கியிருந்த என் பெரியம்மா மகன் ஐவன் கொடுத்த வாக்குமூலத்தை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். கஞ்சாச் செடிகள் தன்னுடையவை, வீட்டின் பின்னறையைத் தான்தான் பயன்படுத்தினான், ட்ரேசிக்கு ஒன்றும் தெரியாது, அவள் படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறான். அண்ணன் நல்லவன். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான். ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது பொய். எல்லாம் எனக்குத்தான் தெரியும். அப்பாவின் இறப்புச் சான்றிதழில் பக்கவாதம் என்று எழுதியிருப்பதும் சரியில்லை. அதைத்தான் எழுதித் தருகிறேன். தமிழில் எழுதுகிறேன், யாரையாவது வைத்து மலாய்க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் தாவர அறிவியல் படித்தவள். அம்மா வழியிலும் அப்பா வழியிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள். பட்டம் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. ஈப்போவில் கைப்பேசி உறை விற்றேன். மெங்லெம்புவில் கச்சாங் கடலைப் பொட்டலம் கட்டினேன். நேர்காணலில் ஒருவன் நான் அதிகம் படித்திருக்கிறேன் என்றான், இன்னொருவன் எனக்கு அனுபவம் போதாது என்றான், இரண்டும் ஒரே வாரத்தில். இந்த ஆறு வருஷத்தில் நான் படித்ததைப் பற்றி ஒரு மனிதர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. அப்பா பட்டமளிப்புப் படத்தை ஹாலில் மாட்டி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். அவர்கள் போனதும் என்னைப் பார்த்து, "படிச்சவளாம். வாசல்ல ஒரு மொளகாச் செடி வச்சிருப்பியா நீ?" என்பார். போன வருஷம் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. அதற்கு முன் அவர் என்னிடம் முழுசாகப் பேசிய கடைசிப் பேச்சு ஏறக்குறைய அதுதான்.

ஐவண்ணன் பின்னறையில் என்ன செய்கிறான் என்று தெரிந்தபோது கத்தத்தான் போனேன். கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏசாத ட்ரேசி. நீ படிச்சவதானே, வந்து பாரேன். என்னமோ மாதிரி இருக்குலா" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் உள்ளே போனேன்.

பூக்கத் தொடங்கி ஐந்து வாரம் ஆன பதினான்கு செடிகள். இலைகளின் ஓரம் இரண்டு பக்கமும் மேலே மடிந்து சம்பான் படகு மாதிரி நின்றது. நுனி கருகியிருந்தது. பூக்கள் பருக்காமல் ஒன்றின் தலையில் ஒன்றாக ஒல்லிக் கோபுரம் கட்டிக்கொண்டு போயின. அவன் பூச்சி மருந்து வாங்கி வைத்திருந்தான். தண்ணீரை வேறு இரட்டிப்பாக ஊற்றியிருந்தான்.

"இது நோயில்லண்ணே. சூடு."

"ஏர்கான்தான் ஓடுதே."

"ஓடுது. அது கக்குற சூடு எங்க போவுது?"

அவன் மேலே சீலிங்கைப் பார்த்தான். ஏர்கான் சூட்டைக் கொல்வதில்லை, ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் போடுகிறது. இது பள்ளிக்கூடத்துப் பாடம். சக்கரம் வைத்த அந்தச் சின்ன ஏர்கானின் பின்குழாயை அவன் மேலே, சீலிங்குக்குள் விட்டிருந்தான். வரிசை வீடுகளில் சீலிங்குக்கு மேலே வீட்டுக்கு வீடு சுவர் கிடையாது. சூடு திரும்பி இறங்கியது, வாசனை பக்கத்து வீட்டுக்குப் போனது. பக்கத்து வீட்டுப் பத்துமலை அண்ணன் ஒரு நாள் கேட்டிலேயே மறித்துக்கொண்டார். "ட்ரேசி, ஒங்க சீலிங்ல மூசாங் குடும்பம் நடத்துதுலா. மூத்திர நாத்தம் தாங்கல. எம் பொண்டாட்டி என்னையத்தான் மோந்து மோந்து பாக்குறா." மரநாய்தான் அண்ணே, ஆள் வைத்துப் பிடிக்கிறோம் என்றேன்.

இந்த வருஷத்து ஏப்ரல் உங்களுக்கும் நினைவிருக்கும். பள்ளிகளில் திடல் விளையாட்டை நிறுத்தியிருந்தார்கள். செடிகளுக்கு மேல் எரிகிற விளக்குகளைப் பகலிலிருந்து இராத்திரிக்கு மாற்றினால் என்ன என்று ஐவண்ணன் கேட்டான். பூக்கிற செடிக்கு இருட்டு நேரத்தைக் குழப்பினால் அது பயந்து விதை பிடித்துவிடும் என்றேன். குழாயை வெளியே விட்டால் பின்சந்து முழுக்க மணக்கும். மிஞ்சியது ஓர் இடம்தான். பின்னறையை ஒட்டியிருந்த அப்பாவின் அறை.

அந்த அறையில் ஏற்கெனவே படுக்கைப் புண்ணின் நாற்றமும் தைலமும் மூத்திரத் துணியும் இருந்தன. அங்கே யாரும் மூச்சை இழுத்து விடுவதில்லை. வந்தவர்கள் வாசற்படியிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டு ஹாலுக்குப் போய்விடுவார்கள். இன்னொரு வாசனை சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. யோசனை என்னுடையது. அளவு எடுத்ததும் நான்தான். ஐவண்ணன் சுவரில் ஓட்டை போட்டு, அப்பாவின் அலமாரியின் முதுகுப் பலகையை அறுத்து, குழாயை அதற்குள் விட்டான். வாசனை வெளியே போகாமலிருக்க அந்த அறையின் ஜன்னல் கண்ணாடிச் சட்டங்களைப் பிளாஸ்டிக் தாள் வைத்து நான் ஒட்டினேன்.

"சித்தப்பாவுக்கு சூசாவா, கஷ்டமா இருக்காதா?" என்று அவன் கேட்டான்.

"அவரு புகைக்கூடத்து ஆளு."

அவன் தலையாட்டினான். இந்தப் பதிலுக்கு எல்லாரும் தலையாட்டுவார்கள்.

நான்காம் நாள் இலைகள் இறங்கிச் சமமாயின. அடுத்த வாரம் பூக்கள் பருக்கத் தொடங்கின. நான் ஒரு நோட்டு வைத்தேன். அதை நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். செடி அறை இருபத்தாறு, அப்பா அறை முப்பத்தாறு. செடி அறை இருபத்தாறு, அப்பா அறை முப்பத்தெட்டு. எழுத்து ஐவனுடையது என்று நினைத்திருக்கிறீர்கள். அவனுக்கு ஏழு போடத் தெரியாது, ஒன்று மாதிரியே போடுவான்.

அப்பாவை நான் கவனிக்காமல் விடவில்லை. கரண்டியில் தண்ணீர் கொடுத்தேன், ஈரத்துணி போட்டேன், புண்ணுக்கு மருந்து வைத்தேன். அந்த அறைக்குள் நான் நுழையாத நாள் கிடையாது. அங்கே எவ்வளவு சூடு என்று அவரைத் தவிர நன்றாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

வியாழக்கிழமைகளில் சபைப் பெண்கள் நோயாளிக்குச் செபமாலை சொல்ல வருவார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நான் ஏர்கான் சுவிட்சை அடைத்து, அப்பாவின் அறையைத் திறந்து வைப்பேன். செபம் முடிவதற்குள் பின்னறையில் இலைகள் மடியத் தொடங்கிவிடும். செபமாலையின் ஐந்து பத்து மந்திரமும் ஓடுகிற வரை நான் முழங்காலில் நின்று அந்த இலைகளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். கடைசி வியாழக்கிழமை எல்ஸி அக்கா அப்பாவின் கையைப் பிடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாடி, கை அடுப்புல வச்ச மாதிரி இருக்கு."

"வெளிய வெயிலுக்கா."

"வெளிய இருக்குற வெயிலு வெளியதானே இருக்கணும்? எங்க வீட்டு மேசைக் கிப்பாஸ கொண்டாந்து தாரேன், போடு."

கூட வந்த நவமணி அக்கா சிரித்தார். "நீ ஒண்ணு. புகைக்கூடத்துல வெந்து எழுந்திரிச்ச மனுசனுக்கு இதெல்லாம் ஒரு சூடா? என்னாண்ணே?"

அப்பா அவரைப் பார்க்கவில்லை. எல்ஸி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அன்று மாலையே அந்த மேசை விசிறியைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பது டிகிரிக் காற்றை விசிறியால் அடித்தால் அது மனிதரைக் குளிர வைக்காது, இன்னும் காய வைக்கும். இது எனக்குத் தெரியும். கொடுத்ததைப் போடாமல் இருந்தால் அக்கா மனம் கோணுமே என்று போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐவண்ணன் அப்பாவைப் பார்க்கப் போய், உடனே வெளியே வந்தான்.

"ட்ரேசி, சித்தப்பா ஒடம்பு அனலா கொதிக்குது. லைட்ட அடைச்சிடுவோம்."

"இன்னும் ஒம்போது நாள்தான்."

"அப்ப அவர ஹாலுக்கு மாத்துவோம். நானும் நீயும் தூக்கலாம்."

"ஹால்ல கெடந்தா வாரவங்கல்லாம் பக்கத்துல உக்காந்துக்குவாங்க. அந்த ரூம்ல இருந்து ஏன் வாசன வருதுன்னு கேப்பாங்க. நீ பதில் சொல்றியா?"

"போனா போவுதுலா. செடிதானே."

அவனை நான் முன்பின் அடித்ததில்லை. அன்று தோளில் ஒன்று வைத்தேன். செடிதானே என்று சொல்வதற்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய் என்று கேட்டேன். அவன் தோளைத் தடவிக்கொண்டே, "நீ பேசுறது எனக்கே பயமா இருக்கு" என்றான். சாயங்காலம் அவனே எல்லாவற்றையும் பிடுங்கிப் போடப்போவதாகச் சொன்னான். பின்னறைச் சாவி என்னிடம் இருந்தது. நான் கொடுக்கவில்லை. அவன் கோபித்துக்கொண்டு அன்றிரவே வீட்டை விட்டுப் போனான். ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு நடந்த எதுவும் ஐவனுடையதல்ல. இந்த வரியை மலாயில் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாலை நடந்தது உங்களுக்குத் தெரியும். கிளினிக் டாக்டர் வந்து, வாசலில் நின்றபடியே பார்த்து, பக்கவாதக்காரர்தானே என்று எழுதிக் கொடுத்தார். சபைப் பெண்கள் அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். அடக்கத்துக்குக் கோட்டு போட வேண்டும் என்று எல்ஸி அக்கா அலமாரியைத் திறந்தார். ஏர்கானை அடைக்க எனக்குத் தோன்றவில்லை. துணிகளை விலக்கியதும் அக்காவின் முகத்தில் அனல் அடித்தது. அவர் அந்த ஓட்டைக்கு முன்னால் கையை வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தார். உங்களைக் கூப்பிட்டது அவர்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஆனால் அன்று மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை என்ன நடந்தது என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

ஒரு மணிக்கு அப்பாவின் அறையில் நாற்பத்திரண்டு டிகிரி. தலையணையைத் தொட்டேன். காய்ந்திருந்தது. இரண்டு வாரமாக நாளுக்கு மூன்று தலையணையுறை மாற்றிக்கொண்டிருந்தேன், அன்று ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. முதலில் வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன், உண்மையாக. பிறகு நெற்றியைத் தொட்டேன். வியர்வை இல்லை. தோல் சிவந்து வறண்டு இருந்தது.

சூடு தாங்காத செடி முதலில் நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளப் பார்க்கும். நீர் போதாதபோது இலைகளின் துளைகளை மூடிக்கொள்ளும். மூடிய பிறகு வெளியில் ஒன்றும் தெரியாது. அமைதியாக இருக்கும். உள்ளே வேகும். இரண்டாம் ஆண்டில் இதற்கு எனக்குப் பதினைந்துக்குப் பதினைந்து மதிப்பெண். வியர்வை நின்ற மனிதர் எங்கே நிற்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்கு டாக்டர் தேவையில்லை. பின்னறைக்குப் போய் ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். பத்து அடி.

பேச்சு போன பிறகு அவருக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு முறை இமைத்தால் ஆமாம், இரண்டு முறை இமைத்தால் இல்லை. குனிந்து, "அப்பா, சூடா இருக்கா?" என்று கேட்டேன்.

இரண்டு முறை இமைத்தார். இல்லை என்றுதானே அர்த்தம். நான் அதை நோட்டில் எழுதினேன், நீங்கள் பார்க்கலாம். நோட்டில் எழுதாததையும் சொல்லிவிடுகிறேன். அவர் இரண்டோடு நிறுத்தவில்லை. என்னைப் பார்த்தபடி இமைத்துக்கொண்டே இருந்தார். நான் இரண்டு வரைதான் எண்ணினேன்.

இரண்டு மணி பத்துக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மறந்து சாத்தவில்லை. களைத்துப் போயும் சாத்தவில்லை. திறந்திருந்தால் சூடு ஹால் வழியாகப் பின்னறைக்குத் திரும்பும் என்று தெரிந்து சாத்தினேன். உள்ளே இருப்பவர் பிழைக்கமாட்டார் என்றும் தெரிந்து சாத்தினேன்.

மூன்று மணிக்குப் பின்னறையைத் திறந்து பார்த்தேன். இருபத்தாறு டிகிரி. பதினான்கு செடிகளிலும் ஓர் இலைகூட மடியவில்லை. பூக்கள் கைமுட்டி அளவுக்குப் பருத்து, மேலெல்லாம் பனி படிந்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. வெளியே அந்த ஏப்ரல் வெயிலில் தெருவில் நாய்கூட நடக்கவில்லை, உள்ளே நான் ஒரு தப்பும் செய்யவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் படித்த படிப்பு கண்முன்னால் பூத்து நின்றது. இப்படி ஒன்றைப் பார்த்தால் வீட்டில் யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருக்கும் அல்லவா.

கையைக் கழுவிக்கொண்டு, அப்பாவிடம் சொல்லத்தான் போனேன்.